இருக்கும்போதும் இல்லாதபோதும்: ஓர் ஆட்டக்காரரின் தாக்கத்தை எப்படி அளப்பது?

(பதுளையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மைப்படுத்திய எழுத்து வடிவம்)



அறக்கட்டளைப் பேச்சு என்றால் இலக்கியமோ சமயமோ எதிர்பார்ப்பது நம் வழக்கம். புள்ளிவிபரம் சொல்லிக்கொடுக்கிற ஒருவனைக் கூப்பிட்டு, அதுவும் விளையாட்டைப் பற்றிப் பேசு என்று சொன்ன துணிச்சலுக்கு முதலில் நன்றி.

இரண்டு கணக்குகளை உங்கள் முன் வைத்துத் தொடங்குகிறேன். இரண்டும் முதற்பார்வைக்குப் புதிராகவே இருக்கும்.

அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கமான என்.பி.ஏ.யில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் என்றொரு அணி. 2022-23 பருவத்தில் 82 ஆட்டங்களில் 22 வெற்றி, 60 தோல்வி. அடுத்த பருவத்தில் அந்த அணிக்கு விக்டர் வெம்பன்யாமா வந்து சேர்ந்தார். பிரான்ஸ் நாட்டுப் பையன். முதல் ஆட்டம் ஆடியபோது வயது 19. ஏழடிக்கு மேல் உயரம், அந்த உயரத்துக்குப் பொருந்தாத வேகம். ஆட்டத்துக்குச் சராசரியாக 21.4 புள்ளி, 10.6 மீள்பந்து, 3.6 தடுப்பு. ஆண்டின் சிறந்த புதுமுகம் என்று வாக்களித்த அத்தனை பேரும் ஒருமுகமாக அவரைத்தான் சொன்னார்கள். தற்காப்பு ஆட்டத்துக்கான முதல் நிலை அணியில் ஒரு புதுமுகம் இடம்பெற்றது அதுவே முதல் தடவை. சரி, அந்தப் பருவத்தில் ஸ்பர்ஸ் எத்தனை ஆட்டம் வென்றது? 22 வெற்றி, 60 தோல்வி. முந்தைய ஆண்டின் அதே கணக்கு. இடையில் 18 ஆட்டங்களைத் தொடர்ச்சியாகத் தோற்றும் இருந்தது.

இரண்டாவது கணக்கு நம் நாட்டுடையது. யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம், 208 சென்ரிமீற்றர் உயரம், வலைப்பந்து. கூடைப்பந்தின் வயிற்றில் பிறந்த விளையாட்டுத்தான் வலைப்பந்து, வளையத்தின் உயரம்கூட அதே 3.05 மீற்றர். 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் 16 அணிகள் ஆடின. போட்டி முழுவதிலும் அதிக கோல் போட்டவர் தர்ஜினி, 300க்கும் மேல். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இங்கிலாந்து, ஜமேக்கா ஆட்டக்காரிகள் எல்லோரும் அவருக்குப் பின்னால்தான். இலங்கை பிடித்த இடமோ 15.

ஆக, இந்த இருவராலும் தங்கள் அணிக்கு ஒரு பயனும் இல்லை என்றாகுமா? ஆட்டம் பார்த்த எவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அப்படியானால் கோளாறு ஆட்டக்காரரிடம் இல்லை, அளவுகோலில் இருக்கிறது. ஒருவருடைய தாக்கம் என்பது அவர் செய்தவற்றின் கூட்டுத்தொகை அல்ல. அவர் களத்தில் இருக்கும்போது அணிக்கு நேர்வதற்கும் அவர் இல்லாதபோது நேர்வதற்கும் இடையே உள்ள வேறுபாடுதான் தாக்கம். இன்றைய பேச்சின் மையம் இதுதான்.

1. எண்ண எளிதானதே எண்ணப்படுகிறது

ஆட்டம் முடிந்ததும் ஒட்டப்படும் புள்ளி அட்டவணையில் என்ன இருக்கும்? யார் எத்தனை போட்டார். ஏனென்றால் பந்து வளையத்துக்குள் விழுவது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. விழாமல் போன பந்தை யார் விழவிடாமல் செய்தார் என்பது அவ்வளவு எளிதில் தெரியாது. என்.பி.ஏ. கூடத் தடுப்புகளையும் பந்துப் பறிப்புகளையும் 1973-74 பருவத்திலிருந்துதான் எண்ணத் தொடங்கியது. அதற்குள் பொஸ்ரன் அணியின் பில் ரசல் ஆடி முடித்து ஓய்வு பெற்றுவிட்டார். 13 பருவங்களில் 11 முறை சாம்பியன். தடுப்பாட்டத்தில் அவருக்கு நிகர் இல்லை என்பார்கள். ஆனால் அவர் எத்தனை பந்தைத் தடுத்தார் என்று எந்த அதிகாரபூர்வ ஏட்டிலும் இல்லை.

1961-62 பருவத்தைப் பாருங்கள். வில்ட் சேம்பர்லேன் ஆட்டத்துக்குச் சராசரி 50.4 புள்ளி எடுத்தார். மார்ச் 2ஆம் தேதி ஒரே ஆட்டத்தில் 100. இன்றுவரை எவரும் அதை நெருங்கவில்லை. ஆனால் அந்த ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை ஆட்டக்காரர்கள் தங்கள் வாக்கால் ரசலுக்குக் கொடுத்தார்கள். சாம்பியன் பட்டமும் ரசலின் பொஸ்ரனுக்குத்தான் போனது. அட்டவணை ஒருவரைக் காட்டியது, எதிரே நின்று அடிவாங்கியவர்கள் வேறொருவரைக் காட்டினார்கள்.

தமிழ்நாட்டின் அனிதா பால்துரையை எடுத்துக்கொண்டாலும் இதே குறைதான். 19 வயதில் இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குத் தலைமை தாங்கியவர், ஆசியச் சாம்பியன் போட்டிகளில் ஒன்பது தடவை ஆடியவர், 2021இல் பத்மஸ்ரீ. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பதக்கங்களையும் ஆண்டுகளையும் அடுக்குகிறார்கள். அவர் களத்தில் நின்ற நிமிடங்களில் அணி எப்படி ஆடியது என்று கேட்டால் பதக்கம் பதில் சொல்லாது.

2. மலையைச் சொல்லாமல் கிலோவைச் சொல்லக்கூடாது

இந்தச் சபைக்கு இதை விளக்க நான் அமெரிக்காவுக்குப் போகத் தேவையில்லை. கொழுந்து நிறுக்கிற இடத்துக்குப் போனால் போதும். வரிசையில் நிற்கிறார்கள். கொழுந்துப் பை தராசில் ஏறுகிறது, முள் ஆடி நிற்பதற்குள் கணக்கப்பிள்ளை எண்ணைச் சொல்லிவிடுகிறார், ஈரத்துக்கென்றும் பைக்கென்றும் கழிவு போகிறது, மிச்சம் சீட்டில் ஏறுகிறது. 16 கிலோ, 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். எட்டினால் முழுப் பேர், அதாவது முழு நாட்சம்பளம்; எட்டாவிட்டால் அரைப் பேர். நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று 2021 மார்ச்சில் வர்த்தமானி வந்தபோதும் பலருக்கு அந்த ஆயிரம் கைக்கு வந்ததா என்பதை இந்தக் கிலோதான் தீர்மானித்தது.

கவனியுங்கள். கவ்வாத்து வெட்டி இரண்டாம் வருஷம் துளிர்க்கிற மலையில் 20 கிலோ ஒரு விஷயமே இல்லை. கவ்வாத்துக்குக் காத்திருக்கிற பழைய தேயிலை மலையில், பள்ளத்தில், அதே கைக்கு 14 தேறுவது பெரும்பாடு. ஜூலையில் கச்சான் என்கிற வறண்ட காற்று அடிக்கத் தொடங்கினால் ஊவா முழுவதும் கொழுந்து குறைகிறது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் காய்ச்சலில் வருகிற தேயிலைக்குத்தான் மணம் அதிகம். ஊவாத் தேயிலைக்கு உலகத்தில் பெயர் வாங்கிக் கொடுப்பதும் கொழும்பு ஏலத்தில் நல்ல விலை பெறுவதும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையிலான அந்தப் பருவம்தான். பறிப்பவருடைய கிலோ மிகக் குறைவாக இருக்கும் மாதங்களில் அவர் பறிக்கும் இலையின் மதிப்பு மிக அதிகம். சீட்டில் இது எங்கே இருக்கிறது?

ஒரு புள்ளி அட்டவணையும் இப்படித்தான் மலையைச் சொல்லாமல் கிலோவைச் சொல்கிறது. வேகமாக ஆடும் அணிக்கு ஓர் ஆட்டத்தில் வாய்ப்புகள் அதிகம் கிடைக்கும், ஆகவே அதன் ஆட்டக்காரர்களின் புள்ளியும் உயர்ந்து தெரியும். இதைச் சரிசெய்யத்தான் 'நூறு வாய்ப்புக்கு எத்தனை புள்ளி' என்ற கணக்கு வந்தது. டீன் ஆலிவர் 2004இல் வெளியிட்ட புத்தகத்துக்குப் பின் இது கூடைப்பந்து ஆய்வில் அடிப்படையாகிவிட்டது. பந்து எதிரணியின் கைக்கு மாறினால் ஒரு வாய்ப்பு முடிந்தது. இரு அணிகளுக்கும் ஏறத்தாழச் சமமான வாய்ப்புகள். அந்த வாய்ப்புகளை யார் நன்றாகப் பயன்படுத்தினார்கள் என்பதே கேள்வி.

வலைப்பந்தில் இது இன்னும் சுத்தமாக இருக்கிறது. ஒவ்வொரு கோலுக்குப் பின்னும் நடுவட்டத்திலிருந்து பந்தைத் தொடங்கும் உரிமை மாறி மாறி வரும், யார் கோல் போட்டாலும் சரி. உன் முறை வரும்போது பந்தை வளையம்வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், எதிரியின் முறை வரும்போது நடுவில் பறிக்க வேண்டும். ஆட்டமே அவ்வளவுதான்.

இப்போது தர்ஜினியிடம் திரும்புவோம். அவர் கோல் ஷூட்டர். ஏழு பேரில் கோல் போட அனுமதி இருவருக்கு மட்டுமே. அதிலும் கோல் ஷூட்டர் எதிரணியின் பக்கத்து மூன்றிலொரு பகுதியைத் தாண்டி வரவே கூடாது. பந்து கைக்கு வந்துவிட்டால் தடுப்பவர் 0.9 மீற்றர் தள்ளி நின்று கைகளை உயர்த்தலாம், அவ்வளவுதான். ஆறடித் தடுப்பாளர் கை உயர்த்துகிற இடத்துக்கு மேலே தர்ஜினி பந்தைப் பிடித்திருப்பார். அங்கிருந்து வளையம் ஓர் எட்டுத்தான். அவர் தவறவிடுவது அபூர்வம். ஆனால் மறுமுனையில் எதிரணி கோல்மேல் கோல் போட்டுக்கொண்டிருக்கும்போது அவரால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, விதி விடாது. நடுக்களத்தில் பந்து பறிபோனாலும் அவரால் ஓடிவந்து மீட்க முடியாது. அவரிடம் வந்து சேர்ந்த பந்துகள் கோலாயின. வந்து சேராதவை 15ஆம் இடமாயின. அதிக கோல் என்பதும் 15ஆம் இடம் என்பதும் ஒன்றையொன்று மறுக்கும் செய்திகள் அல்ல. ஒரே செய்தியின் இரண்டு பாதி.

வெம்பன்யாமாவின் முதல் பருவத்திலும் இதன் சாயல் உண்டு. தொடக்கத்தில் அந்த அணி, பந்தைக் கொண்டுவந்து பங்கிடும் பொறுப்பை அந்த வேலைக்குப் பழகாத ஜெரமி சோஹனிடம் கொடுத்துப் பரீட்சை செய்தது. பிறகு ட்ரே ஜோன்ஸ் என்ற பழகிய கைக்கு மாற்றியபோது இளைஞருக்குப் பந்து வந்து சேரும் விதமே மாறியது. பந்து கொண்டுவருபவரை மறந்துவிட்டுப் போடுபவரை மட்டும் எடைபோட முடியாது.

3. இருக்கும்போது, இல்லாதபோது

அப்படியானால் எதை எண்ணுவது? மிக எளிய விடை ஐஸ் ஹாக்கியிலிருந்து வந்தது. ஒருவர் களத்தில் இருக்கும் நேரத்தில் தன் அணி போட்டதைக் கூட்டு, எதிரணி போட்டதைக் கழி. யார் போட்டார் என்று கேட்காதே. கூட்டல்-கழித்தல் என்றே இதைச் சொல்வோம்.

ஒரு கற்பனைக் கணக்கு. நம் பாடசாலை அணியில் ஒரு பெண் நான்கு கால்பகுதிகளில் மூன்றில் ஆடுகிறாள். அந்த மூன்றிலும் சேர்த்து நாம் 24, அவர்கள் 20. அவள் வெளியே இருந்த கால்பகுதியில் நாம் 4, அவர்கள் 11. ஆட்டத்தைத் தோற்றோம், 28-31. அவள் போட்ட கோல் பூச்சியம், ஏனென்றால் அவள் நடுக்களக்காரி. அட்டவணையில் அவள் பெயருக்கு எதிரே ஒன்றுமில்லை. ஆனால் அவள் இருந்தபோது கால்பகுதிக்கு ஒன்றுக்குச் சற்று மேலே நாம் முன்னால், அவள் இல்லாதபோது ஏழு பின்னால்.

கேட்க நன்றாக இருக்கிறது. இங்கேதான் என் போன்றவர்கள் கையைத் தூக்கிக் குறுக்கிட வேண்டும். அந்த ஏழு முழுவதும் அவளுடைய மதிப்பா? அவளுக்குப் பதிலாக இறங்கியவள் புதியவளாக இருந்திருக்கலாம். அதே கால்பகுதியில் நம் தடுப்பாளரும் காலைப் பிசகிக்கொண்டு வெளியே போயிருக்கலாம். எதிரணி தன் சிறந்த ஏழு பேரை அப்போதுதான் இறக்கியிருக்கலாம். வெறும் கூட்டல்-கழித்தல் இவை அனைத்தையும் ஒருத்தியின் தலையில் கட்டிவிடும். நல்ல அணியின் சாதாரண ஆட்டக்காரி இதில் நட்சத்திரமாகத் தெரிவாள், மோசமான அணியின் நட்சத்திரம் சுமையாகத் தெரிவாள்.

இதை அவிழ்க்க ஒரு வழி இருக்கிறது. ஆள் மாறாமல் இருக்கும் ஒவ்வொரு துண்டு நேரத்தையும் ஒரு சமன்பாடாக எழுதுங்கள். இடப்பக்கம் நம் அணியில் நின்றவர்களின் மதிப்புகளைக் கூட்டி, எதிரணியில் நின்றவர்களின் மதிப்புகளைக் கழிக்க வேண்டும். வலப்பக்கம் அந்தத் துண்டில் கிடைத்த புள்ளி வித்தியாசம். என்.பி.ஏ.யில் ஒரு பருவத்துக்கு 1,230 ஆட்டம், துண்டுகள் பல்லாயிரம். அத்தனை சமன்பாடுகளையும் சேர்த்துத் தீர்த்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பு வரும், உடன் ஆடியவர்களின் தரமும் எதிரில் ஆடியவர்களின் தரமும் கழிந்த மதிப்பு. வெய்ன் வின்ஸ்ரன் என்ற பேராசிரியரும் ஜெஃப் சாகரினும் 2000ஆம் ஆண்டளவில் டலஸ் அணிக்கு இப்படிக் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள்.

அதிலும் ஓர் இடைஞ்சல். எப்போதும் சேர்ந்தே இறங்கி சேர்ந்தே வெளியேறும் இருவரைக் கணக்கால் பிரிக்க முடியாது. ஒருவருக்குக் கூட்டி மற்றவருக்குக் குறைத்தால் விடை மாறாது. அதனால் விசித்திரமான எண்கள் வரும். 1970இல் ஹோர்ல், கென்னார்ட் என்ற இருவர் வேறொரு தேவைக்காகத் தந்த ஒரு முறை இங்கே கைகொடுத்தது. அதன் சாரம் இது: சான்று போதுமான அளவு சேரும்வரை எவரையும் சராசரிக்காரராகவே வைத்துக்கொள், சான்று இழுக்கும் அளவுக்கு மட்டும் மேலேயோ கீழேயோ நகர்த்து. ஜோ சில் 2010இல் இதைக் கூடைப்பந்துக்குப் பொருத்திக் காட்டினார். இன்று நீங்கள் கேள்விப்படும் தாக்க மதிப்பீடுகளில் பெரும்பாலானவை இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான்.

இருக்கும்போது, இல்லாதபோது என்ற இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் ஹூஸ்ரன் அணி ஷேன் பாட்டியே என்ற ஆட்டக்காரரின் அருமையைக் கண்டது. புள்ளி குறைவு, மீள்பந்து குறைவு. ஆனால் அவர் இறங்கினால் உடன் ஆடுபவர்கள் மேம்பட்டார்கள், எதிரணியின் நட்சத்திரம் மங்கினார். மைக்கல் லூயிஸ் 2009இல் அவரைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் பொதுவாசகர்களுக்கு இந்தச் சங்கதி தெரியவந்தது.

தர்ஜினியின் தாக்கத்தை இந்த வழியில் தேடினால் எங்கே கிடைக்கும்? அவருடைய கோல்களில் மட்டுமல்ல. அவரைக் காக்க எதிரணி இரண்டு தடுப்பாளர்களையும் அவர் பக்கமே நிறுத்தும். மற்ற கோல்காரி அப்போது தனியாக நிற்பாள். நடுக்களத்திலிருந்து பந்து கொடுப்பவள் இடைவெளி தேடி அலைய வேண்டாம், உயரத் தூக்கிப் போட்டால் போதும். இவை எவையும் தர்ஜினியின் பெயரில் எழுதப்படுவதில்லை. 2009இல் ஆசியச் சாம்பியன் பட்டம் வென்ற இலங்கை அணியில் அவர் இருந்தார். பிறகு 2012, 2014 பட்டங்கள் சிங்கப்பூருக்கும் 2016 பட்டம் மலேசியாவுக்கும் போயின. 2018இல் சிங்கப்பூரிலேயே சிங்கப்பூரை 69-50 என்று இறுதியாட்டத்தில் வென்ற இலங்கை அணியிலும் அவர் இருந்தார். பத்திரிகைகள் இந்தப் பட்டியலை வைத்தே தீர்ப்பு எழுதிவிடும். நான் எழுத மாட்டேன். ஒன்பது ஆண்டில் பயிற்றுநர் மாறுகிறார், உடன் ஆடுபவர்கள் மாறுகிறார்கள், எதிரிகளும் மாறுகிறார்கள். கிண்ணங்களின் பட்டியல் மிகப் பெரிய துண்டு. நமக்கு வேண்டியது நிமிடத் துண்டு.

வெம்பன்யாமாவின் இரண்டாம் பருவத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 2024-25இல் ஸ்பர்ஸ் 34 ஆட்டம் வென்றது. பன்னிரண்டு கூடுதல் வெற்றி. இளைஞர் வளர்ந்துவிட்டார் என்று சொல்ல நாக்கு துடிக்கும். ஆனால் தோள்பட்டையில் இரத்தக்கட்டி வந்து அவர் ஆடியது 46 ஆட்டம்தான். கிறிஸ் போல் என்ற பழுத்த பந்துப் பங்கீட்டாளரும் அந்த ஆண்டில்தான் வந்து சேர்ந்தார்.

4. பத்து எறிதலில் ஒன்பது

இதைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறேன், கணக்கு சிறியது, விளைவு பெரியது. நூற்றுக்கு எழுபது போடும் திறமையுள்ள ஒரு பெண் பத்துத் தடவை எறிந்தால் ஒன்பதோ பத்தோ விழுவதற்கு வாய்ப்பு நூற்றில் 15. நூற்றுக்குத் தொண்ணூறு போடும் பெண்ணுக்கே பத்தில் ஏழோ அதற்குக் குறைவோ விழ வாய்ப்பு நூற்றில் 7. வலய மட்டப் போட்டி ஒரே நாளில் முடிந்துவிடுகிறது; அன்றைக்குப் பார்த்ததை வைத்து மாகாண அணிக்குப் பெயர் போகிறது. இருவரில் யார் தெரிவாவார் என்று சொல்ல முடியுமா? இளையவர்களைப் பற்றிய எந்த எண்ணுக்கும் பக்கத்தில் அது எத்தனை எறிதலிலிருந்து, எத்தனை நிமிடத்திலிருந்து வந்தது என்று எழுதாவிட்டால் அந்த எண்ணை நம்பாதீர்கள்.

5. நம் மைதானத்துக்கு ஒரு கொப்பி

தோட்டப் பாடசாலைக்குக் கணினி வேண்டும் என்று நான் கேட்க வரவில்லை. ஒரு கொப்பியும் ஒரு கைக்கடிகாரமும் போதும். மாற்று வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் இருவர் எழுதட்டும். ஒருத்தி நேரத்தைச் சொல்ல மற்றவள் எழுதலாம். ஆள் மாறும்போதெல்லாம் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே களத்தில் நிற்கும் ஏழு பேரின் இலக்கங்கள், கீழே அந்தத் துண்டில் நாம் எத்தனை, அவர்கள் எத்தனை. நம் முறையில் தொடங்கிய பந்துகள் எத்தனை, அவற்றில் வளையம்வரை போனவை எத்தனை என்று இன்னொரு பத்தி. கோல் போட்டவர் பெயரை எழுத மறந்தால்கூடப் பாதகமில்லை, அது எப்படியும் நடுவரின் ஏட்டில் இருக்கும். ஒரு பருவம் இப்படி எழுதிய கொப்பி கையில் இருந்தால் அதைத் தீர்த்துக் கொடுக்க ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்து மாணவர்களுக்கு ஒரு பிற்பகல் போதும்.

பயிற்றுநர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கிறது, வசதி என்று சொல்ல வாய் கூசினாலும். அங்கே ஒருவர் களத்தை விட்டு வெளியேறுவது பெரும்பாலும் பயிற்றுநரின் முடிவு. களைத்துவிட்டார், சரியாக ஆடவில்லை, ஆட்டம் கைக்கு வந்துவிட்டது என்று ஏதோ ஒரு காரணத்தால் எடுத்த முடிவு. ஆகவே அவர் இல்லாத நிமிடங்களும் ஒரு பக்கம் சாய்ந்த நிமிடங்கள்தான். நம் பக்கத்தில் தோட்டத்துப் பிள்ளை பல தடவை பஸ்ஸுக்காக வெளியேறுகிறாள். லுணுகலைக்குக் கடைசி பஸ் எப்போது என்பதற்கும் அவள் அன்றைக்கு எப்படி ஆடினாள் என்பதற்கும் சம்பந்தமே இல்லை. புள்ளிவிபரம் படித்தவன் வலைவீசித் தேடுகிற சங்கதி இது: ஆட்டத்தின் போக்கோடு ஒட்டாத காரணத்தால் உண்டாகும் 'இல்லாதபோது'. ஒரு குறை மட்டும், பஸ் எப்போதும் ஆட்டத்தின் கடைசியில்தான் வருகிறது. எல்லோரும் களைத்திருக்கும் நேரம். அதனால் மற்ற ஆட்டங்களின் கடைசிக் கால்பகுதியோடு மட்டுமே அதை ஒப்பிட வேண்டும், முதல் கால்பகுதியோடு ஒப்பிட்டால் தவறான விடை வரும்.

ஆகவே அவள் மூன்று பத்துக்குக் கிளம்பினால் கொப்பியில் 3.10 என்று எழுதி, பக்கத்தில் 'பஸ்' என்று குறியுங்கள். காயம் என்றால் காயம், பயிற்றுநர் கூப்பிட்டார் என்றால் அதை எழுதுங்கள். வீட்டில் தம்பியைப் பார்க்க ஆளில்லை என்று பயிற்சிக்கே வராத நாளும் தேதியோடு ஏறட்டும். அடுத்த வருஷம் மாகாணத் தெரிவுக்கு அவள் பெயரை அனுப்பும்போது கோல் கணக்கு மட்டும் வைத்த விண்ணப்பத்தோடு இந்தக் கொப்பியின் பிரதி ஒன்றையும் இணையுங்கள். தெரிவுக் குழுவில் யாராவது ஒருவர் அதைப் புரட்டி, அவள் இல்லாத நிமிடங்களில் அணிக்கு என்ன ஆனது என்று கேட்கக்கூடும்.